மைனி விதைத்த கடலை

கல்யாணக் காரை விட்டு எங்கள் வீட்டு வாசலில் இறங்கியபோது மைனியின் கையில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. நகைப்பெட்டி பின்சீட்டிலேயே கிடந்தது. அதை எடுக்க ஆட்கள் ஓடினார்கள். டின்னை மட்டும் அவள் யாரிடமும் கொடுக்கவில்லை. அம்மை வாங்குவதற்குக் கையை நீட்டியபோதும் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். உள்ளே முந்திரிக்கொத்தோ அதிரசமோ இருக்கும் என்று நினைத்தோம். மறுநாள் காலையில் திறந்தால் ஓட்டோடு, தோடு உடைக்காத நிலக்கடலை. சின்னச் சின்னதாக, நடுவில் இடுங்கி, செம்மண் ஒட்டியபடியே இருந்தது. சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் மைனி என்போம். அவளைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை எதுவும் இருந்ததில்லை. எழுதினால் என்னைப் பற்றியும் எழுத வேண்டிவரும் என்று தெரியும். போன மாதம் அம்மையின் ஆண்டுத் திதி. பந்தியில் பாயசம் பரிமாறும் நேரத்தில் உறவுக்காரர் ஒருவர் ஆரம்பித்தார். இந்த வீட்டில் ஒருத்தி ஒரு பொதி கப்பலண்டிக்காகக் கொழுந்தன் கல்யாணத்தையே தள்ளிவைக்கச் சொன்னாள், தெரியுமா என்று. கடலையைத்தான் எங்கள் பக்கத்தில் கப்பலண்டி என்போம். பந்தியில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். மற்றவர்களை விட உரக்கச் சிரித்தவன் அண்ணன். மைனி அடுக்களை வாசலில் பாயசப் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தாள். முகம் அசையவில்லை. பதினோரு வருடமாக அந்த முகம் அந்தச் சிரிப்பின் முன்னால் அசைந்ததில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். கை கழுவப் போய்விட்டேன். அன்று குழாயடியில் நின்றபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மைனி கிழக்கே, ராதாபுரம் பக்கத்துச் செம்மண் காட்டிலிருந்து வந்தவள். எங்கள் வீடு கேரள எல்லையில், பனச்சமூட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது. இரண்டு ஊருக்கும் இடையில் பஸ்ஸில் அரை நாள்கூட ஆகாது. ஆனால் எங்கள் ஆட்களுக்கு ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டினாலே எல்லாம் பாண்டிதான். நாங்கள் வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் படித்தது தமிழ், நான் இன்று சம்பளம் வாங்குவது தமிழ் சொல்லிக்கொடுத்து. மலையாளிகள் எங்களை இளக்காரமாகப் பாண்டி என்று சொன்னால் எங்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதே வார்த்தையை அம்மை மைனியைப் பார்த்துச் சொன்னபோது எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அவள் ‘சொல்லுதேன்’, ‘கேக்கேன்’ என்று பேசுவதை நாங்கள் மாறிமாறிப் பேசிக் காட்டுவோம். அவளும் முதலில் சேர்ந்து சிரித்தாள். பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

டின்னில் இருந்தது அவளுடைய அய்யா, அதாவது அவளைப் பெற்றவர், வருடாவருடம் விதைத்து எடுத்து வைத்த கடலை. கொடிக்கடலை இல்லை, குத்தாக நிற்கிற வகை. பருப்பு சின்னது, தோல் நல்ல சிவப்பு. வறுத்தால் மூன்றாவது வீட்டுக்கு மணக்கும் என்பாள். பெயர் கேட்டால், “எங்க கடல” என்பாள். அதற்கு வேறு பெயர் இருந்ததாகத் தெரியவில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் எட்டு சென்ட் இடம் சும்மா கிடந்தது. ஒரு காலத்தில் மரச்சீனிக் கிழங்கு நட்டிருந்தோம். அப்பா இறந்த பிறகு அதுவும் இல்லை. மைனி வந்த அடுத்த மாதமே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அங்கே இறங்கினாள். அண்ணன் அதற்குள் கல்ஃபுக்குத் திரும்பியிருந்தான். அம்மை அடுக்களை வாசலில் நின்று பார்த்துவிட்டு, “பிள்ளே, இது மரச்சீனி வெளையுத மண்ணாக்கும். கப்பலண்டி வேணும்னா பனச்சமூட்டுல ஒரு பொதி வாங்கித் தின்னா போராதா?” என்றாள். மைனி உள்ளே போய் டின்னை எடுத்துவந்தாள். டின்னில் பாதியை உடைத்து விதைத்தாள். ஐப்பசியில், துலாமாசத்து மழை சாயங்காலம் தவறாமல் இடியோடு வந்தது. முளைத்தது பாதி அழுகியது, மிச்சம் மஞ்சளித்துப் படுத்தது. அம்மைக்கு அது ஒரு வெற்றி.

மைனி மீதிப் பாதியைத் தை மாதம் வரை தொடவில்லை. எங்கள் ஊரில் மழை எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று அந்த மூன்று மாதமும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள் என்று பிறகுதான் புரிந்தது. தையில் விதைத்தாள். கிணற்றிலிருந்து இறைத்துத் தண்ணீர் ஊற்றினாள். செடி கருகருவென்று வந்தது. முப்பது நாளில் மஞ்சள் பூ. பூ வாடியதும் அதன் அடியிலிருந்து ஊசி போல ஒன்று கிளம்பி மண்ணைப் பார்த்து இறங்கும். அதை விழுது என்பாள். அந்த விழுதின் நுனிதான் மண்ணுக்குள் போய்க் காயாகும். விழுது இறங்க ஆரம்பித்துவிட்டால் பாத்திக்குள் கோழியைக்கூட விடமாட்டாள். ஆனால் அந்த வருடம் பிடுங்கிப் பார்த்தபோது பாதிக்கு மேல் பொக்கு. தோடு இருக்கும், அமுக்கினால் உள்ளே காற்றுதான். ஒரு காகிதப் பொட்டலத்தில் மண்ணைக் கட்டிக்கொண்டு கேரள அரசின் விவசாய அலுவலகமான கிருஷி பவனுக்குப் போனாள். மலையாளம் அவளுக்கு அப்போது பத்து வார்த்தைகூட வராது. என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்ததால் பரீட்சை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். தனியாகப் போய், கையால் சைகை காட்டிப் பேசி, மண் புளித்திருக்கிறது, சுண்ணாம்பு போடவேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

அடுத்த தையில் சுண்ணாம்பும் சாம்பலும் போட்ட மண்ணில் கடலை விளைந்தது. செடியைப் பிடித்து இழுத்தால் வேரோடு கொத்துக் கொத்தாக, செம்மண் உதிர உதிர வரும். முதல் குவியலை அவித்து ஒரு சருவம் நிறைய முற்றத்தில் வைத்தாள். அம்மையும் தின்றாள். நான் இரண்டு மூன்று முறை போய் அள்ளினேன். யாரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை, ஆனால் சருவம் காலியானது. நன்றாக முற்றிய காய்களைத் தனியே எடுத்து, ஏழு நாள் நிழலும் வெயிலுமாகக் காயவைத்து, மறுபடியும் அந்த டின்னில் போட்டு மூடினாள். விதைக்கடலைக்கு ஆயுசு ஒரு வருடம்தான், தாண்டினால் முளைக்காது என்று சொல்வாள். அதனால் எது நின்றாலும் தை மாத விதைப்பு மட்டும் நிற்கவில்லை. மகள் பிறந்த வருடம், கைக்குழந்தையைத் தென்னை மூட்டில் தூளி கட்டிப் போட்டுவிட்டுப் பாத்தி பிடித்தாள்.

நான்காவது வருடம் அவளுடைய அய்யா இறந்தார். ஆறு மாதத்துக்குள் அவள் அண்ணன்மார் நிலத்தைக் காற்றாலைக்காரர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்தவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அய்யாவின் விதைப் பானை என்ன ஆனது என்று கேட்டிருக்கிறாள்; பதினாறாம் நாள் அடியந்திரத்துக்கு வந்தவர்களுக்கு வறுத்துக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்களாம். இதை அவள் என்னிடம் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆகவே, அந்தக் கடலை உலகத்தில் வேறெங்கும் இல்லை, எங்கள் வீட்டு எட்டு சென்ட்டில் மட்டும்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்று நான் சொல்லமுடியாது. தெரியும். முழுவதும் தெரிந்துதான் எல்லாம் செய்தேன்.

எனக்கு வேலை நிரந்தரமானதும் பெண் பார்த்தார்கள். நெய்யாற்றின்கரையில் வசதியான வீடு. மேட மாதக் கடைசியில், அதாவது சித்திரை முடிவில், கல்யாணம் என்று முடிவானது. அந்த வருடம் மைனி தை பிறந்ததும் விதைத்திருந்தாள். முளைத்து வரும்போது மயில்கள் இறங்கின. எங்கள் பக்கத்தில் முன்பெல்லாம் மயிலே கிடையாது, இப்போது கோழியைவிட அதிகம். ஒரே காலையில் பாத்தி முழுவதையும் கிண்டி முளையைத் தின்றுவிட்டுப் போய்விட்டன. ஆபத்துக்கென்று வருடாவருடம் இரண்டு படி ஒதுக்கி வைப்பாள். அதை எடுத்து மாசி நடுவில் மறுபடியும் விதைத்தாள். டின் காலி. மயில் வராமலிருக்கப் பழைய மீன்வலை வாங்கிச் சுற்றிலும் கட்டினாள். கல்யாணத்துக்கு முன்பே பிடுங்கியிருக்க வேண்டிய கடலை இதனால்தான் கல்யாணத்தையும் தாண்டி மூன்று வாரத்துக்கு மேல் பிந்தியது.

அண்ணன் கல்யாணத்துக்கு இருபது நாள் முன்னதாக வந்தான். வந்த மறுநாளே பின்பக்கத்து மண்ணை வெட்டித் தாழ்த்தி, இன்டர்லாக் ஓடு பதித்து, பெரிய முற்றமாக்கிவிட வேண்டும் என்றான். சமையல்பந்தல் அங்கே, பெண் வீட்டாரின் கார்களும் அங்கே. மைனி அவனிடம் கேட்டாள். அவன் சிரித்தான். அம்மையிடம் கேட்டாள். கல்யாண வீட்டில் கப்பலண்டிப் பேச்சு எடுப்பது பாண்டி புத்தி என்று அம்மை சொன்னாள். ஒரு மத்தியானம் கிணற்றடியில் நான் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது என்னிடம் வந்தாள்.

“தம்பி, இது ஒங்க கல்யாணம். நீங்க ஒரு வார்த்த சொன்னா ஒங்கண்ணன் கேப்பாவ. விழுது எல்லாம் எறங்கிட்டு, காய் இப்பத்தான் பால் பிடிக்கு. கல்யாணம் முடிஞ்சு மூணு வாரம் விட்டா போதும். பந்தல முன்பக்கம் போட்டுக்கிடலாம். ஓடு பொறவு பதிக்கலாம்லா.”

சொல்கிறேன் மைனி என்றேன். அவள் முகம் தெளிந்ததை இப்போதும் பார்க்கிறேன். நான் சொல்லவில்லை. பயந்து சொல்லாமல் இருந்தேன் என்றால்கூட ஒரு நியாயம் இருக்கும். எனக்கு அந்த முற்றம் வேண்டியிருந்தது. பெண் வீட்டார் காரை விட்டிறங்கிச் செம்மண்ணில் மிதிப்பதும், மீன்வலை கட்டிய கடலைப் பாத்தியைப் பார்ப்பதும் எனக்கு மானக்கேடாகத் தோன்றியது. இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் நன்றாக இருக்குமே என்று எத்தனையோ முறை தேடிப் பார்த்திருக்கிறேன்.

அண்ணன் என்னை ஒருநாள் வெளியே கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னான். “எலே மக்கா, நாளைக்கு மண்ணு வெட்டுததுக்கு மண்ணுமாந்தி வரும். அவ இஞ்ச நின்னா பிரச்சினையாக்கும். நீ அவளயும் கூட்டிட்டு நெய்யாற்றிங்கரைக்குப் போ. சேலைக்கு ஜாக்கெட் துணி எடுக்கணும்ணு பறை. வைகுந்நேரம் நாலு மணிக்கு மேல வந்தா போரும்.”

மறுநாள் நான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். கட்டாயப்படுத்தவில்லை, யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. பஸ்ஸில் ஏறினோம். மூன்று கடை ஏறி இறங்கினோம். புதுப்பெண்ணின் சேலையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்து, ஜாக்கெட் துணியை அதன்மேல் வைத்து, இது கொஞ்சம் மங்கல், அது பொருந்தும் என்று மைனி அவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்தாள். தனக்கென்று ஒன்றும் எடுக்கவில்லை. மத்தியானம் ஹோட்டலில் சாப்பிட்டோம். நான் வழக்கத்துக்கு மாறாக நிறையப் பேசினேன். திரும்பலாமா என்று அவள் கேட்டபோது வளையல் கடைக்கும் போகலாம் என்றேன். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நேரத்தைக் கடத்தினேன்.

நாலு மணிக்கு மேல் எங்கள் ஊர் முக்கில் இறங்கி நடந்தோம். வீட்டுக்கு முன்னால் ரோட்டோரம் செம்மண் குவித்துப் போட்டிருந்தது. குவியலிலிருந்து பச்சை இலைகள் நீட்டிக்கொண்டிருந்தன. அவள் கடலைச் செடியைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டாள் போல, நடை நின்றது. பிறகு வேகமாகப் போய்க் குவியல் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து செடிகளை உருவ ஆரம்பித்தாள். ஒரு காயை நகத்தால் கீறினாள். உள்ளே பருப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக, தண்ணீராக ஏதோ இருந்தது. இன்னொன்று கீறினாள். அதுவும் அப்படியே. துணிக்கடைப் பைகளோடு நான் பின்னால் நின்றேன். திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

“ஒங்களுக்குத் தெரியுமா தம்பி?”

“தெரியாது மைனி” என்றேன்.

“சரி” என்றாள்.

கிடைத்த காய்களையெல்லாம் முந்தானையில் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். சண்டை போடவில்லை. அழுததையும் யாரும் பார்க்கவில்லை. அந்தக் காய்கள் காயக் காயச் சுருங்கித் தோலாகிப் போயின. ஆனாலும் அடுத்த தையில் முன்வேலியோரமாகக் குழி எடுத்து ஒவ்வொன்றாக நட்டாள். நாற்பது நாள் தண்ணீர் ஊற்றினாள். ஒன்றுகூட முளைக்கவில்லை.

என் கல்யாணத்துக்கு மூன்று நாள் அடுக்களையில் நின்று அத்தனை வேலையும் செய்தவள் மைனிதான். ஆனால் அந்த முற்றத்தில் கால் வைக்கவில்லை. அன்று மட்டுமல்ல, அதற்குப் பிறகும் இல்லை. எங்கள் கிணறு முற்றத்தைத் தாண்டித்தான் இருக்கிறது. பன்னிரண்டு எட்டு வைத்தால் கிணறு. அவள் அடுக்களையின் பக்கவாட்டு வாசலில் இறங்கி, வேலி இடைவெளியில் புகுந்து, பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குள் சுற்றி, மறுபக்கம் வழியாகக் கிணற்றுக்குப் போவாள். குடத்தோடு அதே வழியில் திரும்பி வருவாள். மழையில் அந்தப் பாதை வழுக்கும், அட்டை கடிக்கும். ஒருமுறை விழுந்து கணுக்கால் பிசகி ஒரு மாதம் நொண்டினாள். அண்ணன் முதலில் அதட்டினான், பிறகு ஆள்வைத்துச் சொல்லிப் பார்த்தான், கடைசியில் குழாய் போட்டு அடுக்களைக்கே தண்ணீர் கொண்டுவந்தான். குழாய்த் தண்ணீரைப் பாத்திரம் கழுவ எடுத்துக்கொண்டாள். குடிக்கிற தண்ணீருக்குச் சுற்றித்தான் போனாள். பிறகு காரக்கோணத்தில் ஒரு கேண்டீனில் வேலைக்குச் சேர்ந்தாள். அம்மை படுக்கையில் விழுந்தபோது இரண்டு வருடம் பீ மூத்திரம் அள்ளியவளும் அவள்தான். அம்மை கடைசியில் அவள் கையைப் பிடித்து ஏதோ சொல்ல வந்ததாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சொல்ல வருகிறவர்களாக இருந்திருந்தால் நாங்கள் இதற்கு முன்பே சொல்லியிருப்போம்.

முற்றம் இப்போதும் இருக்கிறது. மத்தியானம் அதன்மேல் நாய்கூடப் படுப்பதில்லை, அப்படிக் கொதிக்கும். என் மாமனார் வீட்டு ஆட்களின் கார்கள் அங்கே நின்றது மொத்தம் நான்கு முறை இருக்கும். இதற்காகத்தான்.

திதி முடிந்த அடுத்த வாரம் நான் ராதாபுரம் பக்கம் போனேன். மைனியின் ஊரில் காற்றாலைகள் நின்றன. இரண்டு நாள் அலைந்து, ஊர் ஊராகக் கேட்டு, பழைய குத்துக்கடலை வைத்திருக்கிற ஒரு விவசாயியைக் கண்டுபிடித்தேன். சின்னப் பருப்பு, சிவப்புத் தோல். மைனியின் கடலைதான் என்று தோன்றியது, அல்லது அப்படித் தோன்ற வேண்டும் என்று விரும்பினேன். மூன்று படி விதைக்கடலை வாங்கிக்கொண்டு நேரே பழைய வீட்டுக்குப் போனேன்; நான் தனிவீடு போன பிறகு அது அண்ணன் வீடு. அண்ணன் இல்லை. மைனி மட்டும் இருந்தாள். பையை அவள் முன்னால் வைத்தேன். எங்கிருந்து கொண்டுவந்தேன் என்று சொன்னேன். பிறகு, அன்றைக்கு எனக்குத் தெரியும், தெரிந்துதான் உங்களைக் கூட்டிக்கொண்டு போனேன் என்றும் சொன்னேன். பதினோரு வருடம் தொண்டையில் கிடந்தது, சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

மைனி பையிலிருந்து ஒரு காயை எடுத்து உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு அன்னைக்கே தெரியும் தம்பி. பஸ்ஸுல எனக்கு ஜன்னல் சீட்ட விட்டுக் குடுத்திய. அதுக்கு முன்ன ஒருநாளும் குடுத்ததில்ல.”

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். எல்லாக் கோபத்தையும் நான் ஒருவனே சுமந்துகொண்டு வந்து நின்றதுபோல் இருந்தது. தை மாதம் வரப்போகிறது, என் வீட்டு முன்பக்கத்தில் இடம் இருக்கிறது, அங்கே விதைக்கலாம், நான் தண்ணீர் ஊற்றுகிறேன் என்றெல்லாம் உளறினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். பத்திரமாக எங்கோ வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். சற்று நேரத்தில் இரும்புச் சட்டியில் மணல் சூடாகும் வாசம் வந்தது. கடலை பொரியும் சத்தமும் கேட்டது. எழுந்து ஓடித் தடுக்க வேண்டும் போலிருந்தது. எந்த முகத்தோடு தடுப்பது என்று உட்கார்ந்திருந்தேன்.

ஒரு தட்டு நிறைய வறுத்த கடலையும் ஒரு கிளாஸ் கட்டன் சாயாவும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“தின்னுங்க தம்பி. இது திங்கதுக்கு உள்ளது.”

ஒவ்வொன்றாக உடைத்துத் தின்றேன். தட்டு காலியாகும் வரை அவள் எழுந்திருக்கவில்லை.